பேர் சொல்லாத தேத்தண்ணி

பெர்னடெட் மச்சாள் சுடச்சுட ஊற்றின தேத்தண்ணியை ஆறவிட்டு எழும்பிப் போனதை ஜெசிதா ஒரேயொரு தரம்தான் கண்டாள். அது தனக்காகத்தான் என்று அந்த நேரம் அவளுக்கு விளங்கவில்லை.

கலியாணம் முடித்துக் கொழும்புத்துறைக்கு வந்த புதிது. ஜெசிதா பண்டத்தரிப்பில் தோட்டம் செய்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கடலைத் தூர நின்று பார்த்திருக்கிறாளே தவிர, கடற்தொழில் செய்கிற வீட்டுப் பழக்கவழக்கம் ஒன்றும் தெரியாது. ஒரு பின்னேரம் புருசன் றஞ்சித் தொழிலுக்கு வெளிக்கிட்டு நிற்கிறான். தோளில் சோற்றுப் பை, கையில் தண்ணிக் கான். வெளிவாசல் படலையடியில் அவனோடு கூடத் தொழிலுக்குப் போகிற யாகப்பு அண்ணை காத்து நிற்கிறார். சகுனம் பார்க்கிறதில் அந்தக் கரை முழுக்கப் பேர் எடுத்த மனிசன். பூனை குறுக்கே போனால் வள்ளத்துக்குப் பூட்டின எஞ்சினையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

சமைத்துக்கொண்டிருந்த ஜெசிதா குசினி வாசலில் வந்து நின்று, ஊரில் தகப்பன் தோட்டத்துக்கு வெளிக்கிடும்போது கேட்கிற மாதிரியே வாய் நிறையக் கேட்டாள்.

"எங்கை போறியள்?"

கடலுக்குப் போகிறவனை அப்படிக் கேட்கவே கூடாது. றஞ்சித் தூக்கின காலைக் கீழே வைக்காமல் நின்றான். யாகப்பு அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது.

நண்டுக் கொம்பனி வேலையால் அப்போதுதான் வந்து, மேசையில் தேத்தண்ணியோடு இருந்த றஞ்சித்தின் தமக்கை பெர்னடெட், உள்ளங்கையில் வைத்திருந்த சீனியைக் கோப்பைக்குக் கீழே இருந்த பீரிசில் தட்டிவிட்டு எழும்பினார்.

"என்னை எல்லோ கேக்கிறாள். நான் கடைக்குப் போறன் பிள்ளை. நெருப்புப்பெட்டி முடிஞ்சுபோச்சு."

சொன்னது மட்டுமில்லை. குடையை எடுத்துக்கொண்டு, றஞ்சித்தையும் தாண்டி, யாகப்பு அண்ணையையும் தாண்டி, முதல் ஆளாகப் படலையைத் திறந்து வெய்யிலில் இறங்கினார்.

"உந்த வெய்யிலுக்கோ?" என்றார் யாகப்பு அண்ணை.

"நெருப்பில்லாமல் அடுப்பு எரியுமே அண்ணை? நீங்கள் வெளிக்கிடுங்கோ. காத்து நல்லாயிருக்கு."

யாகப்பு அண்ணையின் முகம் விரிந்தது. இரண்டு பேரும் போனார்கள். அன்றைக்கு நல்ல மீன்பாடும் கிடைத்தது. அவர்கள் போன பிறகு, பொழுதுபடுகிற செக்கலுக்குள் விளக்குக் கொளுத்தப் போன ஜெசிதா அலுமாரியைத் திறந்தால், உள்ளே நெருப்புப்பெட்டி அடுக்கி வைத்தபடி கிடக்கிறது. மேசையில் தேத்தண்ணி ஆறி, அப்படியே இருக்கிறது.

"மச்சாள், நான் என்னவும் பிழை விட்டனானோ?"

"கடலுக்குப் போறவனை எங்கை எண்டு கேக்கக் கூடாது. உனக்கு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை."

"சொல்லாட்டில் எப்பிடித் தெரியும்? போ, போய்க் கேத்திலை வை. எனக்கு இண்டைக்கு இன்னும் தேத்தண்ணி குடிச்ச மாதிரி இல்லை."

அதோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு ஒரு நாளும் அவர் அதை எடுத்ததில்லை.

பெர்னடெட்டின் தகப்பனைக் கடல் கொண்டுபோனது. தாய் இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சலில் கண்மூடினார். மூத்த தமக்கை அதற்கு முன்னமே கலியாணம் முடித்துச் சிலாபத்துக்குப் போய்விட்டார். சின்னவன் றஞ்சித்தை வளர்த்து ஆளாக்கினது பெர்னடெட்தான். தனக்கென்று ஒரு வாழ்க்கை பார்க்கவில்லை. ஆரும் கேட்டால் அதற்கும் ஒரு பகிடி வைத்திருந்தார்.

"ஒருத்தர் பாக்க வந்தவர். நல்ல மனிசன், பழக்கம் ஒண்டும் இல்லை. ஆனால் தேத்தண்ணியைப் பீரிசிலை ஊத்தி, ஊதி ஊதிக் குடிச்சார். உவரோடை சரிவராது எண்டு அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன்."

தேத்தண்ணி என்றால் நாக்குச் சுடவேணும். அதுதான் அவருடைய வேதம். கொம்பனியில் நாள் முழுக்க ஐசுக்குள் கையை விட்டு நண்டுச் சதை எடுக்கிற வேலை. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது விரல் விறைத்து வெளிறிப்போய் இருக்கும். தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்துக் கை கழுவி, கேத்திலை வைத்து, தேயிலைச் சாயம் கறுக்கக் கறுக்க ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருப்பார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை ஒரு நக்கு, தேத்தண்ணியை ஒரு உறிஞ்சு. அந்த முதல் உறிஞ்சலுக்குக் கண் தானாக மூடும். கோயிலில் திவ்விய நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து முழங்காலில் இருக்கிறவையின் முகத்தில்தான் ஜெசிதா அப்படி ஒரு அமைதியைக் கண்டிருக்கிறாள்.

ஜெசிதாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தரம் வயிற்றில் வந்தது, இரண்டு தரமும் நிலைக்காமல் போனது. ஊர்வாய் ஒன்றைச் சொல்ல முதல் பெர்னடெட் அந்த வாயை அடைத்துவிடுவார். "உங்கடை வீட்டிலை விளைஞ்சதுகளை முதல் பாருங்கோ" என்பார். வீட்டுக்குள் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். மூன்றாவது தரம் வந்தபோது றஞ்சித் சந்தோசப்படவும் பயந்தான். ஜெசிதா நடக்கவும் பயந்தாள்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை பெர்னடெட் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்குப் போனார். மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை சுகமாய்ப் பிறந்து, தலையில் ஞானஸ்நானத் தண்ணி விழுமட்டும் தேத்தண்ணி தொடமாட்டேன் என்பது அந்த நேர்த்தி. தன்னிடம் விடுகிறதற்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்க வேணும். நகையா நட்டா, அந்த ஒன்றுதான் இருந்தது. நேர்த்தியை வெளியில் சொன்னால் அதன் பலன் குறையும் என்று தாய் சொல்லிக் கேட்டவர், அதனால் ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை. ஏன் தேத்தண்ணி குடிக்கிறதில்லை என்று ஜெசிதா கேட்டபோது வயிற்றெரிவு என்றார்.

அது சின்னப் பொய். ஆனால் பொய்க்குப் பின்னால், தேத்தண்ணி இல்லாமல் வந்த தலையிடி சின்னது இல்லை. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தார். காகத்தோடு சண்டை பிடித்தார். கூரையில் தேங்காய் விழுந்த சத்தத்துக்குத் தேங்காயையே ஏசினார். பக்கத்து வீட்டில் தேயிலை கொதிக்கிற மணம் வந்தால் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். ஜெசிதாவுக்குப் பார்க்கப் பாவமாய் இருந்தது.

அவள் தாய் வீட்டுக்குப் போன நேரம், அங்கே கிணற்றடியில் மண்டிக் கிடந்த புதினாவில் நாலு வேரைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். கொழும்புத்துறை மண் உவர் மண். பிடிக்குமோ என்று பயந்துதான் நட்டாள். குளிக்கிற தண்ணி ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில், செத்தை போட்டு மூடி வைத்தாள். அது பிடித்தது மட்டுமில்லை, ஒரு மழைக்குப் பிறகு வாய்க்காலையே மூடிக்கொண்டு வந்தது. ஒரு பின்னேரம் இலையைக் கிள்ளி, கசக்கி, கொதித்த தண்ணியில் போட்டு மூடி, மணம் இறங்கினதும் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"இதென்ன பிள்ளை?" என்றார் பெர்னடெட்.

"புதினாத் தேத்தண்ணி மச்சாள். வயித்தெரிவுக்கு நல்லதாம்."

வாய்க்குக் கிட்டப் போன கோப்பை திரும்ப மேசைக்கு வந்தது.

"தேயிலை போட்டனியோ?"

"இல்லை."

"ஒரு கிள்ளுக்கூட?"

"ஒரு தூள் இல்லை. இலையும் சுடுதண்ணியும்தான்."

"பிறகேன் தேத்தண்ணி எண்டு சொல்லுறாய்?"

எல்லாரும் அப்படித்தான் சொல்லுகினம், அவளும் சொன்னாள்.

"அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வயித்தைப் பிரட்டுது," என்று பெர்னடெட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு உள்ளுக்குள் என்ன பிரட்டினது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நேர்த்தி வைத்த வாய் தேத்தண்ணி என்றுதான் சொன்னது. தேயிலை என்று சொல்லவில்லையே. பேருக்கும் தேத்தண்ணியைத் தொட்டால் அந்தோனியார் என்ன நினைப்பார்?

முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த றஞ்சித் தலையை நிமிர்த்தினான். "பேர்தானே அக்கா பிரச்சினை? வேறை பேரை வைச்சு ஞானஸ்நானம் குடுப்பம். ஜெசி, உதைக் கசாயம் எண்டு சொல்லு."

"கசாயமெண்டால் கைக்கும். இது கைக்காது," என்றாள் ஜெசிதா.

"அப்ப இலைத்தண்ணி?"

பெர்னடெட் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார். "இலைத்தண்ணி," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஒரு வாய் குடித்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். "சீனி கொஞ்சம் போடு."

அன்றையில் இருந்து அந்த வீட்டில் அதற்கு இலைத்தண்ணி என்றுதான் பேர். பின்னேரத்தில் இரண்டு பெண்களும் குசினிப் படியில் குந்திக்கொண்டு ஆளுக்கொரு கோப்பையோடு கதைத்துக்கொண்டிருப்பார்கள். கொம்பனியில் ஆர் ஆரோடு கோவம், கோயில் பாட்டுக்காரரில் ஆருக்குத் தொண்டை அடைத்தது, வயிற்றில் இருக்கிறது எந்தப் பக்கம் உதைக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. புதினா மணம் கையிலும் முந்தானையிலும் ஒட்டிக்கிடக்கும். பெர்னடெட்டின் தலையிடி மட்டும் அந்த இலைக்கு மசியவில்லை.

சித்திரை வெய்யில் வந்தது. ஜெசிதாவுக்கு வயிறு பாரித்துவிட்டது. சூடான ஒன்றையும் வாயில் வைக்க முடியவில்லை. பிரான்சில் இருக்கிற தங்கச்சி ரெலிபோனில் சொன்னாள், அங்கே வெய்யிலுக்கு எல்லாரும் ஐஸ் ரீ என்கிற குளிர்த் தேத்தண்ணிதான் குடிக்கிறார்கள் என்று. தேத்தண்ணியைக் கறுக்க ஊற்றி ஆறவிட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு, சீனி கரைத்து, புதினாவைக் கசக்கிப் போட்டுப் பிறிஜ்ஜில் வைக்கச் சொன்னாள். ஜெசிதா ஒரு போத்தில் செய்து வைத்தாள். எடுத்துக் குடித்தால் ஆத்துமா குளிர்ந்தது.

கொம்பனியால் வந்த பெர்னடெட்டுக்கும் ஒரு தம்ளரில் ஊற்றி, ஐஸ்கட்டி இரண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாள் முழுக்க ஐசுக்குள்ளை கிடந்து வாறவளுக்கு வீட்டிலையும் ஐசோ? நான் என்ன நண்டே?"

"குடிச்சுப் பாருங்கோ மச்சாள்."

"என்ன உது?"

ஐஸ் ரீ என்று சொல்ல வாய் எடுத்தாள். பேரைக் கேட்டாலே மச்சாளுக்குப் பிரட்டும் என்ற நினைவு வந்தது. நல்ல மனதோடுதான் வேறு பேரைச் சொன்னாள்.

"சர்பத்."

பெர்னடெட் குடித்தார். தேத்தண்ணி என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நாக்குச் சுடாத ஒன்றை, புளிக்கிற ஒன்றை, ஐஸ் மிதக்கிற ஒன்றை எந்தப் புத்தியுள்ள மனிசர் தேத்தண்ணி என்று நினைப்பினம்? "நல்ல சர்பத்," என்றார். "நன்னாரியோ?" என்று கேட்டார். ஜெசிதா சிரித்து மழுப்பினாள். பெர்னடெட் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சர்பத். மாசக்கணக்காய்ப் போகாத தலையிடி காணாமல் போனது. நெற்றித் துணி உடுப்புக் கொடிக்குப் போனது. காகத்துக்குச் சோறு கிடைத்தது. பெர்னடெட்டுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். "அந்தோனியார் என்ரை தலையிடியைத் துடைச்சு எடுத்துப்போட்டார் பிள்ளை," என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை அதற்கென்று தனியாய் ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று பேரும் இருக்கிற நேரம். பெர்னடெட் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் கிடந்த ஐஸ்கட்டியையும் நறுக்கென்று கடித்தார். றஞ்சித் சிரித்தான்.

"வயித்தெரிவு எண்டு தேத்தண்ணியை விட்ட ஆள். இப்ப பார், போத்தில் போத்திலாய் இறக்கிறா."

"இது சர்பத் எல்லோடா."

"என்ன சர்பத் அக்கா? தேத்தண்ணிக்குள்ளை தேசிக்காய் விட்டிருக்கு. அவ்வளவுதான்."

பெர்னடெட் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடியில் மிச்சம் நின்றது. தேயிலைச் சாயத்தின் நிறம். உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாமல் விட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நிறம்.

"ஜெசி, தேயிலை போட்டனியோ?"

"ஓம் மச்சாள். பேரைச் சொன்னால் உங்களுக்குப் பிரட்டும் எண்டுதான்..."

பெர்னடெட் கதிரையில் சாய்ந்தார். "அந்தோனியாரே," என்று மட்டும் சொன்னார். பிறகு ஜெசிதாவின் வயிற்றைப் பார்த்தபடி, இவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"நான் நேர்த்தி வைச்சனான் பிள்ளை. உது சுகமாய்ப் பிறந்து, ஞானஸ்நானம் குடுக்குமட்டும் தேத்தண்ணி குடிக்கமாட்டன் எண்டு."

சொல்லிவிட்டு எழும்பி, முக்காடு போட்டுக்கொண்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பாசையூர்ப் பக்கம் நடந்தார்.

ஜெசிதா அந்த இடத்திலேயே இருந்தாள். மச்சாள் தனக்காக எதை விட்டார் என்பதும், அதைத் தன் கையாலேயே தான் உடைத்துப்போட்டதும் ஒரே நேரத்தில் விளங்கினது. கை தானாக வயிற்றுக்குப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் பூசைக்கு வெளிக்கிட்டதில் இருந்து பிள்ளை அசைந்த மாதிரி ஞாபகம் இல்லை.

"நித்திரையாய் இருக்கும்," என்றான் றஞ்சித்.

"முந்தி ரெண்டு தரமும் இப்பிடித்தானே அசைவு நிண்டது," என்றாள் ஜெசிதா.

அவன் உடனே பிரசவம் பார்க்கிற மருத்துவமாதுக்கு ரெலிபோன் எடுத்தான். அந்த அம்மா நிதானமாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளிர்மையா, இனிப்பா ஏதும் குடிக்கச் சொல்லுங்கோ. இடப்பக்கம் சரிஞ்சு படுக்கட்டும். ஓட்டோவையும் கூப்பிட்டு வைச்சிருங்கோ. அசையாட்டில் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. அசைஞ்சாலும் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

குளிர்மையாய், இனிப்பாய் அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பிறிஜ்ஜைத் திறந்தால் அந்தப் போத்தில் நிற்கிறது.

"அதை என்ரை வாயிலை வையாதேங்கோ," என்று ஜெசிதா அழுதாள். "அதாலைதான் இவ்வளவும்."

றஞ்சித்துக்கு என்ன செய்கிறதென்று தெரியவில்லை. ஓட்டோவைக் கூட்டிவர றோட்டுக்கு ஓடினான். பெர்னடெட் பாசையூருக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதி வழியில் மனம் கேளாமல், ஜெசிதாவை அப்படியே விட்டுவிட்டு வந்தேனே என்று திரும்பி வந்துகொண்டிருந்தார். தம்பி ஓடுகிற ஓட்டத்தைக் கண்டு, விசயத்தைக் கேட்டு, அவரும் ஓடி வந்தார். அந்த உடம்போடு அவர் ஓடினதை அந்த ஒழுங்கை அதற்கு முன்னம் கண்டதில்லை.

வந்தவர் நேரே போய்ப் பிறிஜ்ஜைத் திறந்தார். தம்ளர் நிறைய ஊற்றினார். கட்டிலில் வந்து இருந்தார்.

"எழும்பிக் குடி."

"இது தேத்தண்ணி மச்சாள்."

"ஓம், தேத்தண்ணிதான். அதுக்கிப்ப என்ன?"

"உங்கடை நேர்த்தி..."

"நேர்த்தி வைச்சது ஆர்? நானோ நீயோ? அந்தோனியாருக்கு ஆளை மாறிப் பிடிக்கிற பழக்கம் இல்லை. குடிச்சது நான். கோவமெண்டால் என்னோடை கோவிக்கட்டும். பச்சைப் பிள்ளையோடை அவர் ஏன் கோவிக்கிறார்? அவரின்ரை சுரூபத்தைப் பார், கையிலை ஒரு பிள்ளை எல்லோ இருக்கு? குடி."

ஜெசிதா குடித்தாள். கண்ணீரும் சேர்த்துத்தான் குடித்தாள். இடப்பக்கம் சரிந்து படுத்தாள். பெர்னடெட் கையை அவளுடைய வயிற்றில் வைத்துக்கொண்டு அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. படலையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. மூன்றாவதில் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று வந்த இடத்தில் அவர் வாய் நின்றுவிட்டது.

"ஜெசி."

"என்ன மச்சாள்?"

"உதைஞ்சது. என்ரை கையிலை உதைஞ்சது."

திரும்பவும் உதைத்தது. பிறகு இன்னொன்று. சேலைக்கு மேலாலும் தெரியத் தெரிய அங்கும் இங்கும் உருண்டது. றஞ்சித் வாசலில் நின்று, ஓட்டோக்காரனுக்கு முன்னாலேயே ஓவென்று அழுதான். பெர்னடெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியே கள்ளனை? தேத்தண்ணிக்கு அலைஞ்சிருக்கு!"

ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெர்னடெட் கோயிலால் திரும்பி வந்தபோது ஜெசிதா மெல்லக் கேட்டாள், அந்தோனியாரிடம் என்ன சொன்னீர்கள் என்று.

"தெரியாமல் குடிச்சனான் எண்டு சொன்னன். பிறகு, ருசியாய்த்தான் இருந்தது எண்டும் சொல்லிப்போட்டன். அவருக்குத் தெரியாததே? மறைச்சு என்ன?"

"இனி?"

"இனியென்ன. விட்ட இடத்திலையிருந்து பிடிக்கிறன். நீ இலைத்தண்ணியைப் போடு."

தலையிடி திரும்பி வந்தது. நெற்றித் துணியும் கொடியால் இறங்கி வந்தது. ஆனால் இந்த முறை வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரியும். றஞ்சித் காகத்தைத் தானே கலைத்துவிட்டான். ஜெசிதாவும் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேயிலை கொதிக்க விடவில்லை.

பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. அன்ரனீற்றா என்று பேர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தன்று பங்குச் சுவாமி பிள்ளையின் தலையில் தண்ணி வார்க்க, அது வீரிட்டு அழுதது. பெர்னடெட் அந்தோனியாரின் சுரூபத்தைப் பார்த்து ஒருக்காத் தலையை ஆட்டினார். இரண்டு பேருக்குள்ளும் ஏதோ ஒரு காரியம் முடிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேக் வெட்டவும் நிற்கவில்லை, படம் எடுக்கவும் நிற்கவில்லை. நேரே குசினிக்குப் போனார். யாகப்பு அண்ணை, "பெர்னடெட் எங்கை? படத்துக்கு ஆளைக் காணேல்லை," என்று தேடிக்கொண்டு போய்ப் பார்த்தார். நல்ல சேலையோடு கீழே குந்தியிருந்து, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார் அவர்.

"நாக்குச் சுட்டுப்போட்டுது அண்ணை," என்றார். அதைவிடச் சந்தோசமாய் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி யாகப்பு அண்ணை கேட்டதில்லை.

பிறகு வந்த வருசங்களில் அந்த வீட்டில் எல்லாம் இருந்தது. விடிய சுடுதேத்தண்ணி. பின்னேரம் படியில் இலைத்தண்ணி. வெய்யில் ஏறின நாட்களில் பிறிஜ்ஜில் ஒரு போத்தில் ஐஸ் ரீ. அதை ஒளிக்காமல் ஐஸ் ரீ என்றே சொன்னார்கள். ஆனால் புதினா போட்டதை மட்டும் இலைத்தண்ணி என்றுதான் சொல்லுவார்கள். வருகிற சனம் விழிக்கும். "என்ன இலை?" என்று பயந்து பயந்து கேட்பவர்களும் உண்டு. ஐஸ் ரீயில் பெர்னடெட்டுக்கு வரவர ஒரு விருப்பம் வந்துவிட்டது. ஆனால் அதைத் தேத்தண்ணி என்று இன்றுவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "குடிக்க நல்லதுதான். அதுக்காக நண்டுக்குப் போடுற ஐசைப் போட்டுப்போட்டு, அதுக்குத் தேத்தண்ணி எண்டு பேர் சொல்லக்கூடாது. தேயிலைக்கு மரியாதை இல்லை," என்பார். சொல்லிக்கொண்டே தம்ளரை நீட்டுவார்.

அன்ரனீற்றா அவரின் மடியிலேயே வளர்ந்தாள். பெர்னடெட் மாமி கோப்பையைத் தூக்கினால் அவள் ஓடிவந்து முன்னால் நிற்பாள். பெர்னடெட் உள்ளங்கைச் சீனியில் ஒரு பொட்டு அவளின் நாக்கில் வைப்பார். தேத்தண்ணியில் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கமாட்டார்.

போன வருசம் சிலாபத்துத் தமக்கைக்குக் கால் இரண்டும் வீங்கி நடக்க ஏலாமல் போனது. பிள்ளைகள் எல்லாம் இத்தாலியில். பார்க்க ஆள் இல்லை. கேட்ட உடனே பெர்னடெட் கொம்பனி வேலையை விட்டுவிட்டு உடுப்பை அடுக்கினார். றஞ்சித்துக்கு மனமில்லை. ஆனால் தன்னை வளர்த்த அதே மனம்தான் இப்போது அங்கே போகிறது என்று அவனுக்கு விளங்கினது. தடுக்கவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய ரெலிபோன் எடுப்பார். சிலாபத்துத் தண்ணி தேயிலைக்குச் சரியில்லை என்பதுதான் முதல் கதையாய் இருக்கும்.

வெளிக்கிட்ட அன்றைக்கு ஜெசிதா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். புதினா வேர் கொஞ்சத்தை ஈரத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். சுடுதண்ணிப் போத்திலில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். பெர்னடெட் யன்னல் ஓரச் சீற்றில் இருந்து, பஸ் நிற்கிற நேரத்துக்குள்ளேயே மூடியைத் திறந்து அதில் ஊற்றினார். ஆவி பறந்தது. அன்ரனீற்றா தாயின் இடுப்பில் இருந்தபடியே, யன்னலுக்குள் இரண்டு கையையும் நீட்டி, "எனக்கும், எனக்கும்" என்று துள்ளினாள்.

ஜெசிதா யன்னலுக்குக் கிட்ட நகர்ந்து, "மச்சாள்..." என்று தொடங்கினாள். அதற்குள் பஸ் உறுமிக்கொண்டு அசைந்தது. பெர்னடெட் மூடியைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் உள்ளே இழுத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினார். கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்தது.

"பிள்ளைக்குத் தேத்தண்ணி பழக்கிப்போடாதை ஜெசி. பழகினால் பிறகு விடுறது வலு கஸ்ரம்."